பக்கத்து வீட்டுப் பையன் ஜப்பான் போகிறான்: யூட்டாவுக்குப் புதிதாக வந்த ஒரு தங்கைக்குப் பதில்

அன்புத் தங்கைக்கு வணக்கம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள லீஹை நகருக்குக் குடிவந்து மூன்றே மாதங்கள் ஆகியிருக்கும் நிலையில், பக்கத்து வீட்டு அம்மா தம்முடைய 18 வயது மகன் இரண்டு ஆண்டுகளுக்கு ஜப்பான் போகப்போவதாகக் கண்கலங்கச் சொன்னதையும், வரும் ஞாயிற்றுக்கிழமை தங்கள் ஆலயத்துக்கு உங்களை அழைத்ததையும் எழுதியிருந்தீர்கள். அவன் போவது படிப்புக்கா, வேலைக்கா, துறவறத்துக்கா என்றும், அங்கே போனால் உங்களை மதம் மாறச் சொல்வார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் இந்த ஊர்ப்பக்கம் வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் எதிர்வீட்டுப் பையன் 2014இல் இப்படித்தான் ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்குப் போனான். அவன் வாரந்தோறும் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை அவன் அம்மா தெருவில் எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவைப்பார். எனக்குத் தெரிந்தவற்றில் பாதி அவற்றிலிருந்து வந்தவைதான்.

அவன் போவது படிப்புக்கோ வேலைக்கோ துறவறத்துக்கோ அன்று, தங்கள் மதத்தைப் பற்றி எடுத்துச்சொல்ல. உங்கள் பக்கத்து வீட்டார் சார்ந்த சபையினரை ஊரார் மார்மன்கள் என்று சொன்னாலும், 2018 முதல் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்ற முழுப்பெயரையே சொல்லும்படி சபை கேட்டுக்கொண்டிருக்கிறது. பையன்கள் 18 வயதிலிருந்து இரண்டு ஆண்டுகள் மிஷன், அதாவது இப்படி முழுநேர மதப் பணிக்கு, போகலாம். பெண்கள் போனால் பதினெட்டு மாதங்கள். பையன்கள் போகவேண்டும் என்ற எதிர்பார்ப்பு பலமாக உண்டு, பெண்களுக்கு அது அவரவர் விருப்பம். எந்த நாடு என்று கேட்டுவாங்க முடியாது. சால்ட் லேக் சிட்டியிலிருக்கும் தலைமையிடத்திலிருந்து அழைப்பு வரும் நாளில், நம் வீட்டில் நிச்சயதார்த்தத்துக்குக் கூடுவதுபோல் பாட்டி, சித்தப்பா, நண்பர்கள் எல்லோரும் கூடி நிற்க, பையன் அதைத் திறந்து உரக்கப் படிப்பான். சம்பளம் கிடையாது என்பதோடு, செலவையும் அவனும் குடும்பமுமே ஏற்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து போகிறவர்களுக்கு அது மாதம் 400 டாலராக இருந்து, 2020 ஜூலையில் 500 ஆனது. எந்த நாட்டுக்குப் போனாலும் தொகை ஒன்றே. 1991க்கு முன்பு அந்தந்த ஊரின் உண்மையான செலவைக் கட்டவேண்டியிருந்ததால், பிள்ளைக்கு டோக்கியோ விழுந்த வீடு திண்டாடிப்போகும் என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சொல்வார்.

முதலில் அவன் உங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரத் தொலைவிலுள்ள பிரோவோ பயிற்சி மையத்துக்குத்தான் போவான். ஜப்பானிய மொழிக்குச் சுமார் ஒன்பது வாரப் பயிற்சி. அந்த ஒன்பது வாரத்தில் கற்றதை வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவரின் வாசலில் நின்று கடவுளைப் பற்றிப் பேசவேண்டும் என்பதை நினைத்தால், வந்த புதிதில் தொலைபேசியில் ஒரு டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்க நான் பட்ட பாடு ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

ஜப்பான் போனபின் நாள் காலை ஆறரைக்குத் தொடங்கும். நாட்டுக்கேற்ப இது சற்று மாறும். உடற்பயிற்சி, குளியல், காலை உணவு, வேதவாசிப்பு, மொழிப்படிப்பு எல்லாம் முடித்து, வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, கறுப்புப் பெயர்ப்பட்டையுடன் பத்து மணிவாக்கில் வெளியே கிளம்பினால், இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் அறைக்குத் திரும்புவார்கள். பத்தரைக்கு விளக்கணைப்பு. எங்கள் எதிர்வீட்டுப் பையன் பனி கொட்டும் மாதங்களில் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு நடந்தே திரிந்தான். ஜப்பானில் பெரும்பாலும் கதவே திறக்காது. அழைப்புமணியின் ஒலிபெருக்கியிலிருந்து 'வேண்டாம்' என்ற ஒரு சொல் பணிவாக வரும், அவ்வளவுதான். கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலேயே இருக்கும் நாடு அது. இலவச ஆங்கில வகுப்பு நடத்திய மாலைகளில் மட்டும் நாற்காலிகள் நிறைந்தன என்று எழுதியிருந்தான். இரண்டு ஆண்டுகளில் அவன் கண்முன் ஞானஸ்நானம் பெற்றவர்கள் மூன்று பேர்.

என்னைக் கேட்டால், இந்த வாழ்க்கையில் கடினமானது கதவு திறக்காததன்று, கூடவே இருக்கும் துணைவன்தான். மிஷனரிகள் எப்போதும் இரண்டிரண்டு பேராகவே இருப்பார்கள். அந்த இன்னொருவரைத் தேர்ந்தெடுப்பது அந்தப் பகுதி மிஷனரிகளுக்குப் பொறுப்பான மிஷன் தலைவர். குளியலறை தவிர மற்ற எல்லா நேரமும் ஒருவர் பார்வையில் ஒருவர் இருக்கவேண்டும், ஒரே அறையில் தூங்கவேண்டும், ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவரும் வீட்டிலேயே கிடக்கவேண்டும். ஆறு வாரத்துக்கொருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும்; அதில் துணைவன் மாறலாம், ஊர் மாறலாம், இரண்டும் மாறாமலும் போகலாம். நம்மவன் ஆங்கிலம் அதிகம் தெரியாத ஒரு ஜப்பானியப் பையனோடு பன்னிரண்டு வாரம் இருந்தான். முதல் மாதக் கடிதங்களில் அந்தத் துணைவன் பாத்திரம் கழுவாதது பற்றிய புலம்பலாகவே இருக்கும்; பிறகு அந்தப் புலம்பல் தானாக நின்றுபோய், இருவரும் சேர்ந்து சமைத்தவற்றின் பட்டியல் வரத் தொடங்கியது. (போகுமுன் என்னிடம் வந்து சாதம் வடிக்கக் கற்றுக்கொண்டு போனான். அங்கே போய்ப் பார்த்தால் அறையில் மின்சாரக் குக்கர் இருந்ததாம்.)

சினிமா, தொலைக்காட்சி, காதல், நீச்சல் எதுவும் கூடாது. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்கவும், கடைக்குப் போகவும், முடிவெட்டிக்கொள்ளவும், வீட்டுக்கு எழுதவும் விடுவார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பையன் போன காலத்தில் தொலைபேசியில் பேசுவது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான். அந்த விதியை என்னால் ஏற்கவே முடிந்ததில்லை, அவன் அம்மாவிடம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறேன். 2019 பிப்ரவரியிலிருந்து வாரந்தோறும் பேசலாம் என்று மாற்றிவிட்டார்கள், ஆகவே உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அந்த ஏக்கம் கொஞ்சம் குறைவு.

ஒன்றை மட்டும் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். உடல்நலம், மனச்சோர்வு, வேறு காரணங்கள் என்று சிலர் இரண்டு ஆண்டு முடியுமுன்பே திரும்பிவிடுவார்கள். யூட்டாவில் அது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய மனவருத்தம். அப்படி யாரையாவது தெருவில் பார்த்தால் வந்ததில் மகிழ்ச்சி என்று மட்டும் சொல்லுங்கள், ஏன் வந்தாய் என்று கேட்டுவிடாதீர்கள். அப்படித் திரும்பிவந்த ஒரு பெண்ணிடம் விவரம் தெரியாமல் நான் ஒருமுறை கேட்டு, அவள் முகம் போன போக்கை இன்றும் மறக்கமுடியவில்லை.

மதம் மாற்றுவார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். அழைப்பார்கள், ஒளிவுமறைவு இல்லை. விருப்பமில்லை என்று ஒருமுறை சிரித்தபடி சொல்லிவிட்டால் நட்பு குறையாது. என் வீட்டுப் பூஜையறையைப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் இத்தனை ஆண்டுகளாகப் பழகுகிறார்கள். உங்கள் கதவையும் இளம் மிஷனரிகள் தட்டுவார்கள். நீங்கள் தனியாக இருந்தால் பையன்கள் உள்ளே வராமல் வாசலிலேயே நிற்பார்கள், அவர்கள் விதி அது, அவமதிப்பாக எடுத்துக்கொள்ளவேண்டாம். காபியும் தேநீரும் அவர்கள் குடிப்பதில்லை. நம் ஊர்ப் பழக்கத்தில் டிகாக்ஷன் இறக்க ஓடாமல், எலுமிச்சைச் சாறு கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போய்வாருங்கள். அது சபையின் தகுதிபெற்ற உறுப்பினர்கள் மட்டுமே நுழையக்கூடிய கோயில் அல்ல, எல்லோருக்கும் திறந்திருக்கும் கூட்டமண்டபம். புடவையே போதும். அன்று முதலில் நடக்கும் கூட்டத்தில்தான் பையன் பேசுவான், அது ஒரு மணி நேரம்தான். இயேசுவின் நினைவாக அவர்கள் பகிரும் ரொட்டியும் தண்ணீரும் தட்டில் வரும்போது எடுக்காமல் அடுத்தவரிடம் நகர்த்திவிடலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். பரிசு கொடுக்க நினைத்தால் அலங்காரப் பொருள் வேண்டாம், பெட்டியில் இடமிராது. நடந்து நடந்து கிழிவது காலுறைதான். கறுப்பு நிறத்தில், தடித்ததாக, ஆறு ஜோடி வாங்கிக் கொடுங்கள். அம்மாவுக்குத் தனியாக ஒரு டப்பா முறுக்கு. அன்று மாலை விருந்தினர் எல்லோரும் போனபின் அவர் சமையலறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.