பனி பார்க்கப் போன பாவம்

கேள்வி: பூமி சூடாகிறது, ஏசியைக் குறையுங்கள் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். நீங்களோ நண்பர்கள் பட்டாளத்தோடு சொகுசுக் கப்பலில் அலாஸ்கா போய்வந்தீர்களாமே! இந்த மாதிரிக் கப்பல்களால்தானே அங்கே பனியே உருகுகிறது? உபதேசம் ஊருக்குத்தானா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: போனேன். பட்டாளம் என்பது மட்டும் தப்பு. நாங்கள் நான்கு பேர், கல்லூரி விடுதியில் ஒரே அறைக்காரர்கள். இன்று நான்கு பேருக்கும் சேர்த்து நல்ல முழங்கால் மூன்று தேறும். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவரின் மகள் சியாட்டிலில் இருக்கிறாள். அவள்தான் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். ஏழு நாள் பயணம். வங்கிக்காரர் இரண்டு கிலோ பருப்புப் பொடியோடு ஏறினார்.

விமானத்துக்குக் கப்பல் தேவலை என்று சமாதானம் சொல்லிக்கொண்டுதான் நானும் ஏறினேன். விசாரித்தால் அதுவும் இல்லை. கப்பல் ஆளை மட்டுமா சுமக்கிறது? நீச்சல் குளம், நாடக அரங்கு, இரவு பகலாக எரியும் அடுப்புகள் என்று ஒரு முழு ஓட்டலையே இழுத்துக்கொண்டு போகிறது. ஆளுக்கு இத்தனை புகை என்று வகுத்துப் பார்த்தால் விமானத்தையே மிஞ்சிவிடும். ஆகவே உங்கள் முதல் குத்து சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

இரண்டாவது குத்து பாதி மட்டுமே சரி. நாங்கள் போன கிளேசியர் பே என்ற விரிகுடா, 1794இல் ஆங்கிலேயக் கடலோடி வான்கூவரின் ஆட்கள் வந்தபோது ஏறக்குறைய வாய்வரை பனியால் அடைபட்டிருந்தது. 1879இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் வந்து பார்த்தபோது பனி 48 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே போய்விட்டிருந்தது. 1916க்குள் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இதில் பெரும்பகுதி, சில நூற்றாண்டுகள் நீடித்த சிறு பனியுகம் என்ற குளிர்க்காலம் முடிந்த கணக்கு. அதை என் தலையில் கட்டாதீர்கள். ஆனால் அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவை ஒட்டிய மெண்டன்ஹால் பனியாற்றை, அதாவது மெல்ல நகரும் பனிப்பாளத்தைப் பார்த்தபோது இந்த வாதமெல்லாம் தொண்டையில் நின்றுவிட்டது. அதன் முன்னால் பெரிய ஏரி ஒன்று கிடக்கிறது. என் அப்பா பிறந்தபோது அந்த ஏரியே கிடையாது. இப்போது நடக்கும் உருகல் நம் கணக்கு.

கிளேசியர் பேயில் மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பலை நிறுத்தினார்கள். ஒன்றரை கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு சுவர், சொட்டு நீலம் அதிகமாகிப்போன வேட்டியின் நிறத்தில். இறுகிய பனி சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் நமக்கு நீலம்தான் மிச்சம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டு சரிந்து கடலில் விழுகிறது. விழுந்து முடிந்த பிறகுதான் சத்தம் வருகிறது. அந்த மண்ணின் கிளிங்கிட் மக்கள் அதை வெள்ளை இடி என்பார்களாம். ஐம்பது வருஷமாக வாயை மூடியே பார்த்திராத வாத்தியார் முக்கால் மணி நேரம் பேசவில்லை. எனக்கு அதுதான் பெரிய அதிசயம்.

அப்புறம் ஒரு விஷயம். கப்பலில் ஏறி விளக்கம் சொன்னவர்களில் ஹூனா கிளிங்கிட் இனத்தவர் ஒருவரும் இருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் பனி முன்னேறி வந்து அவர்கள் ஊரைத் தின்றிருக்கிறது. நாய் ஓடுகிற வேகத்தில் வந்ததாக அவர்களுடைய வழிவழிக் கதை. பனி விலகிய பிறகு திரும்பிவந்தவர்களுக்கு அடுத்த தடை அரசாங்கத்திடமிருந்து வந்தது. 1925இல் அந்த இடத்தைக் காக்கப்பட்ட தேசிய இயற்கைப் பகுதி என்று அறிவித்தார்கள். காலப்போக்கில் சீல் வேட்டைக்கும் கடற்காகங்களின் முட்டை எடுக்கவும் தடை வந்தது. தங்களுக்கென்று ஒரு குலவீட்டை அந்த மண்ணில் அவர்கள் மறுபடி பார்த்தது 2016இல்தான். பனி வந்ததால் ஊரை இழந்தவர்களிடம் போய், பனி போகிறதே என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். அவர் சிரித்தார். கேலியா, பரிதாபமா என்று தெரியவில்லை.

எங்களைப் போன்றவர்களை என்ன செய்வதென்று அந்த ஊர்க்காரர்களே இன்னும் தீர்மானிக்கவில்லை. கிளேசியர் பேயில் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பலுக்குத்தான் அனுமதி. சாலை வழியாகப் போகவே முடியாத ஜூனோவில், 2024 முதல் நாளுக்கு ஐந்து என்று வரம்பு. சனிக்கிழமைகளில் பெரிய கப்பலே வேண்டாம் என்று அதே வருஷம் வாக்கெடுப்பு வைத்தார்கள். தோற்றுவிட்டது. சுமார் 32,000 பேர் வாழும் ஊர் அது. புகையும் கூட்டமும் பிடிக்கவில்லை, கல்லாப்பெட்டியும் காலியாகக் கூடாது. தஞ்சாவூர்க்காரரான உங்களுக்குப் பெரிய கோயில் வாசலில் விடுமுறை நாள் நெரிசலைப் பார்த்தால் இது புரிந்துவிடும்.

போனதற்கு வருந்துகிறேன் என்று எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். இரண்டு முறை எழுதிப் பார்த்தேன், பொய்யாகப் பட்டது, கிழித்துவிட்டேன். அடுத்த கோடையில் நார்வே என்று வாத்தியார் மூன்று நாளாக ஃபோன் செய்கிறார். இன்னும் எடுக்கவில்லை.