மாதிரி மரக்கப்பல்: பலகை ஒட்டுவதும் உப்புத்தாள் போடுவதும்

கேள்வி: முதல் கப்பலுக்குப் பலகை ஒட்டப்போகிறேன். வெள்ளை மரப்பசை நல்லதா, சூப்பர் குளூ நல்லதா?

பதில்: வெள்ளைப் பசைதான். பலகையை வைத்த பிறகும் சில நிமிடங்கள் நகர்த்தித் திருத்த இடம் கொடுக்கும். சூப்பர் குளூ மரத்தைவிடக் கெட்டியாக இறுகுவதால், தேய்க்கும்போது மரம் குறைந்து பசைக்கோடு மேடாக நின்றுவிடும். பலகையைப் பிடித்து நிறுத்த ஓரிரு சட்டங்களில் (பலகைகளைத் தாங்கி விலா எலும்புபோல் குறுக்கே நிற்கும் துண்டுகள்) மட்டும் சூப்பர் குளூவில் ஒரு சொட்டு வையுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள்; அதன் ஆவி கண்ணை எரிக்கும்.

கேள்வி: கப்பலின் முன்பகுதி வளைவில் பலகைகளின் விளிம்புகள் எழும்பி நிற்கின்றன. முரட்டு உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். 1.5 மில்லிமீட்டர் பலகையில் 1 மில்லிமீட்டரைத் தேய்த்துவிட்டால் மிஞ்சுவது என்ன? கோளாறு பலகையின் மேற்பரப்பில் இல்லை, அதன் அகலத்தில் இருக்கிறது. கப்பலின் நடுவில் சுற்றளவு அதிகம், முனையில் குறைவு. ஒரே அகலப் பலகைகளை அங்கே கொண்டுபோனால் இடம் போதாது. நாம் பக்கவாட்டில் நெருக்குகிறோம். பலகை தட்டையாக வளையுமே தவிரப் பக்கவாட்டில் வளையாது. ஆகவே ஒரு விளிம்பு தூக்கிக்கொள்கிறது.

ஒரு காகிதப் பட்டையைச் சட்டத்தின் விளிம்போடு ஒட்டிப் பிடித்து நீளத்தைக் குறியுங்கள். நடுச்சட்டத்தில் 100 மில்லிமீட்டர் இருந்தால் 5 மில்லிமீட்டர் பலகை 20 வேண்டும். முன்சட்டத்தில் 60 மில்லிமீட்டர்தான் என்றால் அதே 20 பலகைகளும் அங்கே 3 மில்லிமீட்டராக ஒடுங்கியாக வேண்டும். இப்படி ஒவ்வொரு சட்டத்துக்கும் கணக்கிட்டு, ஒட்டுவதற்கு முன்பே சீவிவிடுங்கள். பாதி அகலத்துக்கும் கீழே போகிறது என்றால் அங்கே இரண்டு பலகைகளை ஒரே பலகையில் சேர்த்து முடித்துவிடுவது நல்லது. பின்பகுதியில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இடைவெளி விரியும். அங்கே ஆப்பு வடிவத் துண்டைச் செருகுங்கள்.

சட்டங்களின் வெளிவிளிம்பைச் சரிவாகத் தேய்த்தீர்களா என்பதையும் பாருங்கள். ஒரு பட்டையை மூன்று நான்கு சட்டங்களின் மேல் படுக்கவைத்தால், விளிம்பின் ஓரத்தில் மட்டும் தொடாமல் சட்டத்தின் முழுத் தடிமனிலும் படிய வேண்டும். இந்த வேலைக்குச் செலவிடும் நேரத்தைப் பிறகு உப்புத்தாளில் மிச்சம் பிடிக்கலாம்.

கேள்வி: வளைப்பதற்காக ஊறவைத்த பலகையை ஈரத்தோடு ஒட்டலாமா?

பதில்: கூடாது. ஊறிய மரம் அகலத்தில் உப்பியிருக்கும். ஒட்டியபின் காய்ந்து சுருங்கினால் இடைவெளி விழும். வெந்நீரில் அரை மணி நேரம் ஊறியதை வளைவில் கட்டிவைத்து, இரவு முழுவதும் உலரவிட்டு ஒட்டுங்கள்.

கேள்வி: ஒரு பக்கத்தை முழுவதும் முடித்தபின் அடிக்கட்டை (கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) முறுக்கிக்கொண்டது. ஏன்?

பதில்: பலகைகள் ஒரே பக்கமாக இழுத்ததுதான் காரணம். இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும்.

கேள்வி: உப்புத்தாள் எந்த எண்ணில் தொடங்க வேண்டும்?

பதில்: முதல் அடுக்குக்கு 120, பிறகு 180, முடிவில் 240. பசைக்கு ஒரு நாள் முழுவதும் கொடுத்துவிட்டு, நார் ஓடும் திசையிலேயே தேயுங்கள். பசை நன்றாகக் காயாவிட்டால் தேய்க்கும் சூட்டில் இளகித் தாளை அடைத்துக்கொள்ளும். தாளை வளையக்கூடிய கார்க் துண்டில் சுற்றிக்கொள்ளுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் மேட்டோடு பள்ளமும் சேர்ந்து தேயும். எனக்கு மிகவும் பிடித்த உத்தி ஒன்று: கப்பலின் உடல் முழுவதும் பென்சிலால் கிறுக்கிவிட்டுத் தேயுங்கள். கோடு மறையாத இடம்தான் பள்ளம். பிறகு விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், கைக்குத் தெரியாத மேடும் நிழலாகத் தெரியும். முதல் அடுக்கின் மேல் ஒட்டும் இரண்டாம் அடுக்குப் பலகை 0.5 மில்லிமீட்டர்தான் என்றால் 240-இலேயே தொடங்குங்கள். மின்கருவியைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். முகக்கவசம் கட்டாயம். வால்நட் மரத்தூள் மூக்கையும் தொண்டையையும் உறுத்தும்.

கேள்வி: சாயம் பூசினால் சில இடங்கள் வெளுத்தே இருக்கின்றன.

பதில்: அங்கெல்லாம் பசை படிந்திருக்கிறது, சாயம் மரத்துக்குள் இறங்காது. வழிந்த பசையை ஈரத்துணியால் அப்போதே துடையுங்கள். பூசுவதற்கு முன் ஈரத்துணியால் ஒரு முறை தடவிப் பார்த்தால் பசைத்திட்டுகள் வெளிறித் தெரியும்; பிளேடால் சுரண்டி எடுத்துவிடலாம்.

கேள்வி: தவறாக ஒட்டிய பலகையைக் கழற்ற முடியுமா?

பதில்: முடியும். வெள்ளைப் பசை என்றால் ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவிக் கொஞ்சம் காத்திருங்கள். இளகியதும் மெல்லிய கத்தியை ஒவ்வொரு சட்டத்தின் மேலும் நுழைத்துத் தூக்குங்கள். சூப்பர் குளூவுக்கு அசிட்டோன் தேவை. பழைய பசையை முழுவதும் சுரண்டிய பிறகே புதுப் பலகையை வையுங்கள்.