ஊகத்துக்கும் கடமை உண்டு

கேள்வி: விண்கல் விழுந்து டைனோசர்கள் அழிந்தன என்கிறார்கள். நேரில் பார்த்தவர் எவருமில்லாத போது, இது வெறும் ஊகம்தானே? இதை அறிவியல் என்று எப்படி ஏற்பது?

பதில்: ஊகமாகத்தான் தொடங்கியது, 'வெறும்' என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இத்தாலியின் குப்பியோ நகருக்கு அருகே, சுண்ணாம்புப் பாறை அடுக்குகளின் நடுவில், டைனோசர்கள் அழிந்த காலத்தில் படிந்த, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள ஒரு களிமண் படலம் ஓடுகிறது. அதற்குக் கீழே கண்ணுக்குத் தெரியும் அளவில் மண்டிக்கிடக்கும் கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள், மேலே ஏறக்குறைய மறைந்துவிடுகின்றன. அந்தக் களிமண் படிய எத்தனை காலம் பிடித்தது என்று கணக்கிடவே நிலவியலாளர் வால்டர் ஆல்வரெஸும் அவருடைய தந்தையான இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வரெஸும் வேதியியலாளர்கள் இருவரின் துணையோடு, விண்வெளித் தூசியோடு சிறிது சிறிதாக வந்து படியும் இரிடியம் என்ற உலோகத்தை அதில் அளந்தார்கள். பூமியின் மேலோட்டில் மிக அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் உள்ள அத்தனிமம், அங்கே சுற்றியுள்ள பாறையில் இருப்பதைப் போல 30 மடங்கு இருந்தது.

அருகிலிருந்த விண்மீன் ஒன்று வெடித்திருக்கலாம் என்று முதலில் எண்ணினார்கள். அப்படியானால், அத்தகைய வெடிப்பில் உருவாகும் புளூட்டோனியம்-244 அந்தக் களிமண்ணில் இருந்தாக வேண்டும். தேடினார்கள், இல்லை, அந்த எண்ணத்தைக் கைவிட்டார்கள். எனக்கு இந்த இடம்தான் மிக முக்கியமாகப் படுகிறது. தன்னைப் பொய்யாக்கக்கூடிய சாட்சியைத் தானே தேடிப்போகும் ஊகத்தை எப்படி வெறும் ஊகம் என்பது? ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் விழுந்தது என்று 1980இல் அவர்கள் எழுதியபோது, அதற்கேற்ற பெரும்பள்ளம் எங்கே என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. மெக்சிகோவின் யுகடான் பகுதியில், பாறைப் படிவுகளுக்கு அடியில் புதைந்துள்ள ஏறத்தாழ 180 கிலோமீட்டர் அகலமான சிக்சுலூப் பள்ளமே அது என்று 1991இல் அடையாளம் காட்டப்பட்டது.

கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் லெமூரியாக் கண்டமும் நேர்மையான ஊகமாகத்தான் பிறந்தது. லீமர் என்னும் விலங்குகள் மடகாஸ்கரில் நிறைந்திருப்பதையும், தேவாங்கு போன்ற அவற்றின் உறவினங்கள் இந்தியாவில் வாழ்வதையும் கண்ட விலங்கியலாளர் ஃபிலிப் ஸ்கிளேட்டர், இடையே ஒரு கண்டம் இருந்திருக்க வேண்டும் என்று 1864இல் எழுதினார். நிலத்தட்டுகள் நகர்வது உறுதியானதும், நிலப்பகுதிகளே பிரிந்து விலகின என்றாகி, இடைக்கண்டம் தேவையற்றுப்போக, அறிவியல் அதை விட்டுவிட்டது. கடல்கோள் பற்றிய நம் இலக்கியச் செய்திகள் கடலடி ஆய்வுக்கு உரியவை. அவற்றின் மேல் ஒரு முழுக் கண்டத்தை ஏற்றி, வரைபடம் போட்டு எனக்கு அனுப்பும் அன்பர்களிடம் இப்பக்கத்தில் பலமுறை கேட்டதையே மீண்டும் கேட்கிறேன்: எந்தச் சான்று கிடைத்தால், அப்படி ஒரு கண்டம் இருந்ததில்லை என்று ஒப்புக்கொள்வீர்கள்?