தேங்காய் எண்ணெயும் மூளையின் எரிபொருளும்

வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. நீண்ட காலமாகச் சீனி வருத்தம். மெற்போமினும் கிளிக்கிளசைட்டும் எடுக்கிறா. ஒரு வருடமாக மறதி கூடிவருகிறது. கனடாவில் இருக்கும் அண்ணா தன் எச்சிலைப் பரிசோதித்ததில், அல்சைமர் என்னும் மறதி நோயின் ஆபத்தைக் கூட்டும் ஏபிஓஈ4 மரபணு ஒன்று அவருக்கு இருக்கிறதாம். 'இது இருந்தால் மூளை சீனியை எடுக்காது, அம்மாவுக்குத் தினமும் மூன்று மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் குடு' என்கிறார். குடுக்கலாமா? நானும் பரிசோதிக்க வேண்டுமா?
— ஒரு வாசகி, உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள சகோதரிக்கு,

எண்ணெய் வேண்டாம். அண்ணாவின் அக்கறை புரிகிறது, அவர் கேள்விப்பட்டதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூளை சீனியை எடுக்காமல் விடுவதில்லை, குறைவாக எடுக்கிறது. இரண்டு ஏபிஓஈ4 பிரதிகள் உள்ள, ஞாபகம் நன்றாக இருந்த 50–65 வயதினரை 1996இல் பெட் ஸ்கான் (மூளை எங்கே எவ்வளவு சீனி எடுக்கிறது என்று காட்டும் படம்) செய்தபோதே, அல்சைமரில் பாதிக்கப்படும் அதே பகுதிகளில் குளுக்கோஸ் பாவனை குறைந்திருந்தது. அந்த மரபணு தரும் புரதம் மூளையில் கொழுப்பைக் காவிச் செல்வது. ஈ4 வகை அதைச் சரியாகச் செய்வதில்லை. நரம்புக் கலங்களுக்கு உதவும் துணைக்கலங்களில் கொழுப்புத் தேங்குகிறது. எலிகளில், இன்சுலினைப் பிடிக்கும் வாங்கிகளையும் கலத்துக்குள் சிக்கவைக்கிறது. இரத்தத்தில் சீனி நிறைய இருந்தாலும் இந்தக் கோளாறு தீராது.

அல்சைமரின் ஆரம்பத்தில் மூளை கீற்றோன்களை, அதாவது கொழுப்பிலிருந்து ஈரல் உண்டாக்கும் மாற்று எரிபொருளை, வழமைபோல் எடுக்கிறது. எண்ணெய் யோசனை பிறந்தது அங்கேதான். எண்ணெயில் உள்ள கொழுப்பமிலங்களில் கீற்றோனாக எளிதில் மாறுவது கப்ரிலிக் அமிலம். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 14 கிராம் தேங்காய் எண்ணெயில் அது 1 கிராம் அளவுதான். பாதிக்குக் கிட்ட லோரிக் அமிலம், அது அவ்வளவாகக் கீற்றோன் ஆவதில்லை. 2009இல் வெளியான சோதனையில் கொடுத்தது நாளுக்கு 20 கிராம் கப்ரிலிக் கொழுப்பு. அதிலும் பலன் தெரிந்தது ஈ4 இல்லாதவர்களில் மட்டும். பின்னர் நடந்த பெரிய சோதனையில் அந்தப் பலனும் கிடைக்கவில்லை. மூன்று கரண்டியால் அம்மாவுக்குச் சேரப்போவது, கெட்ட கொலஸ்திரோலைக் கூட்டும் 35 கிராம் நிறைவுற்ற கொழுப்பு.

எனக்குப் பயம் கிளிக்கிளசைட்டில்தான். சாப்பிடாவிட்டாலும் அது சீனியை இறக்கிவிடும். மறதி உள்ளவர் போட்ட குளிசையை மறந்து திரும்பவும் போடுவார். வெள்ளி விரதமென்று சாப்பிடாமல் குளிசையை மட்டும் விழுங்குவதும் நடக்கும். சீனி இறங்கும்போது வயதானவர்களுக்கு வியர்வை, நடுக்கம் இல்லாமல் தடுமாற்றம் மட்டுமே தெரியலாம். வீட்டில் அதையும் மறதிக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். திடீரென்று குழம்பினால் உடனே குளுக்கோமீற்றரில் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் திரும்பவும் கொடுங்கள். அரைமயக்கத்தில் இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குளிசைப் பெட்டி உங்கள் கையிலேயே இருக்கட்டும். நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம். சீனி இறங்கிய நாள், நேரம், அளவை எழுதிக் கிளினிக்கில் காட்டினால் டொக்டர் அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார்.

மெற்போமினை வருடக்கணக்கில் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். அதுவும் மறதி தரும், அதைச் சரிசெய்ய முடியும். தைரொய்ட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். காது கேட்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

உங்களுக்கு மரபணுப் பரிசோதனை இப்போது தேவையில்லை. அண்ணாவின் பிரதி அப்பாவிடமிருந்தும் வந்திருக்கலாம். ஒரு பிரதி அல்சைமர் ஆபத்தை மூன்று மடங்கு அளவில் கூட்டினாலும் அது உள்ள பலருக்கு நோய் வருவதில்லை, இல்லாத பலருக்கு வருகிறது. முடிவு எதுவானாலும் அம்மாவின் இன்றைய வைத்தியம் மாறாது. அந்தக் காசில் குளுக்கோமீற்றர் ஸ்ட்ரிப் வாங்குங்கள்.