மங்கும் வாலைப் படம்பிடித்தல்: சூச்சின்ஷான்-அட்லஸ் வால்மீன் குறித்த கேள்வி பதில்

2024 அக்டோபரில் மாலை நேர மேற்கு வானில் வெறும் கண்ணுக்கே தெரிந்த சூச்சின்ஷான்-அட்லஸ் (சி/2023 ஏ3) வால்மீனைப் படம்பிடித்த அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். கேள்விகளில் பெரும்பாலானவை வால்மீனின் வாலையே சுற்றி வருகின்றன. தலையை எவரும் பதிவு செய்துவிடலாம். உழைப்பைக் கேட்பது வால்தான் என்பதால் அது பொருத்தமே.

ஐயா, அக்டோபர் 13 அன்று நான் எடுத்த படத்தில் வால் நீண்டு தெரிந்தது. அதே கேமரா, அதே லென்ஸ் கொண்டு 24 அன்று எடுத்தபோது ஒரு சிறு புகைத் திட்டு மட்டுமே கிடைத்தது. அதற்குள் வால் கரைந்துவிட்டதா?

வால் கரையவில்லை, அதை நாம் பார்க்கும் கோணமும் தொலைவும் மாறிவிட்டன. இந்த வால்மீன் செப்டம்பர் 27 அன்று சூரியனிலிருந்து சுமார் 5.8 கோடி கிலோமீட்டர் தொலைவிலும், அக்டோபர் 12 அன்று பூமியிலிருந்து சுமார் 7 கோடி கிலோமீட்டர் தொலைவிலும் கடந்து சென்றது. அக்டோபர் 9ஐ ஒட்டிய நாட்களில் அது ஏறத்தாழ நமக்கும் சூரியனுக்கும் இடையில் இருந்தது. மாலை வெயிலை எதிர்நோக்கி நிற்கும்போது தெருப்புழுதி ஒளிர்ந்து தெரிவதைப் போல, வால்மீனின் நுண்தூசுகள் சூரிய ஒளியைத் தமக்கு முன்பக்கமாக, அதாவது நம்மை நோக்கி, மிகுதியாகச் சிதறடித்தன. அதனால்தான் சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலத்தின் படங்களில் அது வெள்ளிக் கோளைப் போல் ஒளிர்ந்தது. அந்தக் கோணம் விலகியதும் அந்தக் கூடுதல் ஒளி போய்விட்டது. அத்துடன், தலைக்குள் இருக்கும் திடமான உட்கரு சூரியனை விட்டு விலகும்போது குறைவான தூசியையே வெளியேற்றும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வால்மீனுக்குச் சொல்லப்படும் பிரகாச எண் அதன் மொத்த ஒளியைக் குறிக்கிறது. அந்த ஒளியில் வாலுக்குரிய பங்கு பல பாகை அகலத்துக்குப் பரவிக் கிடப்பதால், மொத்தத்தில் சிறிது குறைந்தாலும் வாலின் நுனி வான ஒளிக்குள் அமிழ்ந்துவிடும். நுனி முதலில் மறைவதால் வால் குட்டையாகிவிட்டதைப் போலத் தோன்றுகிறது.

அப்படியானால் படமெடுக்க மிகச் சிறந்த இரவு எது?

அத்தனையும் கூடிவந்த ஓர் இரவு இந்த வால்மீனுக்கு அமையவே இல்லை. வால் மிக நீண்டிருந்த 12 முதல் 15 வரையிலான மாலைகளில் வளர்பிறை நிலவு வானில் இருந்தது. 17 அன்று முழுநிலவு. நிலவு தாமதமாக உதிக்கத் தொடங்கி, இருள் கிடைத்த 20க்குப் பிந்தைய நாட்களில் வால் மங்கியிருந்தது. தமிழ்நாட்டிலோ 15 அன்றே வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. என் கருத்தில், மேகம் விலகிய இடங்களில் 20 முதல் 25 வரையிலான நிலவற்ற முன்னிரவுகளே வாலின் மெல்லிய பகுதிகளுக்கு ஏற்றவை. வால்மீனும் அப்போது மேலே ஏறியிருந்தது. அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில் நிற்கும் ஒரு பொருளின் ஒளி, அது தலைக்கு நேர் மேலே இருந்தால் வந்து சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவே நம்மை அடைகிறது என்பதை நினைத்தால் உயரத்தின் அருமை புரியும்.

வானின் சுழற்சிக்கேற்பக் கேமராவைத் திருப்பும் டிராக்கர் என்னிடம் இல்லை. முக்காலியும் 50 மி.மீ. லென்ஸும் மட்டுமே உள்ளன. வாலைப் பிடிக்க இயலுமா?

தாராளமாக இயலும். முழுச் சட்டக சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 40 பாகைக்கு 27 பாகை வானத்தைக் காட்டும். நீண்ட வாலுக்கு அதுவே வசதி. விண்மீன்கள் கோடுகளாக நீளாமல் இருக்க, 500ஐக் குவியத் தொலைவால் வகுக்கும் பழைய விதி 10 நொடி என்று சொல்லும், ஆனால் இன்றைய நுண்ணிய பிக்சல்களுக்கு அது அதிகம். 5 நொடியுடன் நிறுத்திக்கொள்ளுங்கள். லென்ஸை எஃப்/2 அளவில் திறந்து, ஐஎஸ்ஓவை 1600ஆக வைத்து, கேமரா பதப்படுத்தாத ரா கோப்புகளாக, இடைவிடாமல் நூறு படங்களாவது எடுங்கள். 64 படங்களை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால், படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல், ஒற்றைப் படத்தில் இருப்பதில் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. மங்கிய வாலை மீட்பது இந்தக் கணக்குதான். விலையுயர்ந்த கேமரா அடுத்தபடியாகவே வரும்.

டிராக்கர் இருந்தும் அடுக்கிய படத்தில் தலை நீண்டு போகிறதே?

டிராக்கர் விண்மீன்களைப் பின்தொடர்கிறது. வால்மீனுக்கோ தனி ஓட்டம் உண்டு. நாளொன்றுக்கு 5 பாகை நகர்வதாக வைத்துக்கொண்டால், ஒரு நிமிடத்தில் அது 12 வில்நொடிக்குச் (ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) சற்று மேல் நகரும், 135 மி.மீ. லென்ஸில், 4 மைக்ரான் பிக்சல்களில், அது இரண்டு பிக்சல். அரை மணி நேரத்தில் அறுபது பிக்சல் ஆகிவிடும். எனவே ஒவ்வொரு படத்தையும் 30 நொடிக்குள் முடித்து, டீப்ஸ்கைஸ்டாக்கர் அல்லது சிரில் மென்பொருளில் வால்மீனின் தலையை மையமாக வைத்து ஒரு முறையும், விண்மீன்களை வைத்து ஒரு முறையும் அடுக்கி, இரண்டையும் இணைக்க வேண்டும்.

மென்பொருளில் பின்னணியைச் சீராக்கினால் வாலும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. என்ன செய்வது?

மங்கிய வால்களில் பாதி வானத்தில் மறைவதில்லை, கணினியில்தான் மறைகின்றன என்றே சொல்வேன். மாலை வால்மீனின் வால் அடிவானத்திலிருந்து மேல்நோக்கி நிற்கிறது. அந்தி வெளிச்சமும் ஊர் விளக்கொளியும் அதே திசையில் படிப்படியாகக் குறைகின்றன. தானியங்கிக் கருவிக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். கிராக்ஸ்பெர்ட் போன்ற மென்பொருளில், பின்னணியை அளக்கும் மாதிரிப் புள்ளிகளை நீங்களே வாலுக்கு இரு புறமும் நன்கு தள்ளி வையுங்கள். வாலின் மீது ஒன்றுகூட விழக்கூடாது. லென்ஸ் ஓர இருட்டை, சீரான வெளிச்சப் பரப்பை எடுத்த பிளாட் படங்களால் முன்னதாகவே திருத்திவிட்டால் மென்பொருளுக்கு வேலை குறையும். வால் இருக்கும் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துத் தூரிகையால் பிரகாசமாக்குவதை நான் ஏற்பதில்லை. முழுப் படத்துக்கும் ஒரே அளவில் செய்த திருத்தத்தில் தெரியும் வாலே உண்மையான வால்.

தலை பச்சையாக இருக்கிறது, வால் ஏன் பச்சையாக இல்லை?

பச்சை ஒளி இரட்டைக் கார்பன் மூலக்கூறிலிருந்து வருகிறது. சூரிய ஒளி அந்த மூலக்கூறை ஏறத்தாழ இரண்டு நாட்களுக்குள் உடைத்துவிடுவதால், அது வால்வரை செல்வதற்குள் அழிகிறது. தூசு வால் சூரிய ஒளியைச் சிதறடிப்பதால் வெளிர் மஞ்சளாகத் தெரியும்.

அக்டோபர் 14 அளவில் சூரியனை நோக்கி ஒரு மெல்லிய ஊசி தெரிந்தது. அது லென்ஸ் பிரதிபலிப்பா?

இல்லை, அது எதிர்வால். அந்நாளை ஒட்டிப் பூமி வால்மீனின் சுற்றுப்பாதைத் தளத்தைக் கடந்தது. தளத்தில் மெல்லிய தகடாகப் பரவியிருந்த பழைய பெருந்தூசுகளை விளிம்புப் பக்கமாகப் பார்த்தோம். அந்தப் படத்தை அழிக்காமல் வைத்திருங்கள்.

2025 அக்டோபரில் வந்த லெம்மன் வால்மீனை எடுத்த படங்களும் என்னிடம் உள்ளன. அவற்றையும் இதே முறையில் அடுக்கலாமா?

ஒரு மாற்றத்துடன் அடுக்கலாம். லெம்மனில் மேலோங்கி நின்றது நீல நிற அயனி வால். மின்னேற்றம் பெற்ற கார்பன் மோனாக்சைடு அந்த நீலத்தைத் தருகிறது. நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் வீசும் சூரியக் காற்று அதன் முடிச்சுகளையும் திரிகளையும் ஒரே மாலைக்குள் இடம்பெயர்த்துவிடும். தூசு வாலைப் போல எண்ணி ஒன்றரை மணி நேரப் படங்களை ஒன்றாக அடுக்கினால் அந்த நுணுக்கம் முழுவதும் குழைந்து போகும். பதினைந்து அல்லது இருபது நிமிடப் பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே அடுக்கி, வரிசையாக ஓட்டிப் பாருங்கள்; முடிச்சுகள் தலையை விட்டு விலகிச் செல்வது தெரியும்.