வெளிநாட்டு மேட்ச் பார்க்க ராத்திரி முழுக்கக் கண் விழிப்பது தேவைதானா?

கூட ஆள் இருந்தால் தேவைதான். தனியாக உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் வேண்டாம், தூங்கிவிடுங்கள். மறுநாள் வேலைக்குப் போகிறவன் கால்பந்துக்காக ராத்திரி முழித்திருப்பது புத்திசாலித்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைக்காரன், எங்கள் பக்கம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

காரணம் இருக்கிறது. உலகக் கோப்பை வழக்கமாக ஜூன், ஜூலையில் வரும். மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலமும் அப்போதுதான், தென்மேற்குப் பருவக்காற்றில் கடலும் ஒரு நிலையில் இருக்காது. மற்ற மாதங்களில் தங்கல் தொழிலுக்குப் போய் வாரக்கணக்கில் கரையே பார்க்காத ஆண்கள் எல்லாம் ஊரில் இருப்பார்கள், விடிவதற்குள் எழுந்து ஓட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கையில் காசும் இருக்காது, அது வேறு விஷயம். ஆனாலும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு புரொஜக்டர் வாடகைக்கு எடுத்து, மழைக்குத் தார்ப்பாய் கட்டி, நடு ராத்திரியில் மரச்சீனிக் கிழங்கு அவித்துக் காந்தாரி மிளகாய் அரைத்து, அதோடு கட்டன் சாயா. ஒரு பக்கம் அர்ஜென்டினா, இன்னொரு பக்கம் பிரேசில். ஜெர்மனி, போர்ச்சுகல் ஆட்களும் உண்டு, அவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

2014இல் அந்தக் கணக்கில் வராத ஜெர்மனிதான் வேலையைக் காட்டியது. போட்டி பிரேசிலில், அதனால் நமக்கு ஆட்டங்கள் பெரும்பாலும் இரவு 9.30, 12.30, 3.30 என்று வரும். பிரேசிலும் ஜெர்மனியும் மோதிய அரையிறுதி ஜூலை 9ஆம் தேதி அதிகாலை 1.30க்கு. 11ஆவது நிமிடத்தில் ஜெர்மனியின் முல்லர் ஒரு கோல் போட்டார், சரி, திருப்பிவிடலாம் என்ற நம்பிக்கையில் மஞ்சள் சட்டைக்காரர்கள் இருந்தார்கள். எனக்கு மாமா முறை வரும் ஒருவர் பீடி பற்றவைக்க வெளியே போனார். அப்புறம் 23ஆவது நிமிடத்திலிருந்து 29ஆவது நிமிடத்துக்குள் நாலு கோல். அவர் திரும்பி வந்து திரையைப் பார்த்துவிட்டு, "லேய், ஒரே கோல எத்தன தடவலே போடுவானுவ?" என்று கேட்டார். நாங்கள் அர்ஜென்டினா கோஷ்டி, ஆனால் அன்றைக்குச் சிரிக்கக்கூட பயமாக இருந்தது. 7–1 என்று முடியும்போது அந்தப் பக்கத்தில் பாதி ஆட்கள் இல்லை. சரியாக ஐந்து நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் 113ஆவது நிமிடம் ஜெர்மனியின் கோட்ஸே எங்களையும் முடித்தார், அதிகாலை மூன்று மணியை நெருங்கியிருந்தது, மாமா மட்டும் நன்றாகச் சிரித்தார்.

இதையெல்லாம் காலையில் ஐந்து நிமிட ஹைலைட்ஸில் பார்த்தால் வெறும் கோல்கள்தான். மாமா அதில் வரமாட்டார்.

நேர் எதிரான ஒன்றையும் சொல்கிறேன். 2021 ஜூலை 11, கொரோனா காலம். அதிகாலை 5.30க்கு பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் தென்னமெரிக்க நாடுகளின் கோபா அமெரிக்கா இறுதி ஆட்டம், டி மரியா ஒரே கோல், அர்ஜென்டினா 1–0. மெஸ்ஸிக்கு சீனியர் அணியில் முதல் பெரிய கோப்பை. அதே நாள் ராத்திரி 12.30க்கு ஐரோப்பிய நாடுகளின் யூரோ இறுதி ஆட்டம், இங்கிலாந்தை இத்தாலி பெனால்டியில் வென்றது. கால்பந்துப் பைத்தியத்துக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது. ஆனால் வீட்டில் தனியாக, பக்கத்து அறையில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாது என்று சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். பத்து வருடமாகக் காத்திருந்த கோப்பை, கத்தக்கூட முடியவில்லை.

2022 கத்தார் உலகக் கோப்பை இன்னும் வேடிக்கை. அங்கே வெயிலுக்குப் பயந்து நவம்பர், டிசம்பருக்கு மாற்றிவிட்டார்கள். இறுதி ஆட்டம் நமக்கு இரவு 8.30, கண் விழிக்கவே தேவையில்லை. ஆனால் ஊரில் பாதிப் பேர் கடலில். என் சித்தப்பாவுக்கு அர்ஜென்டினா ஜெயித்த செய்தியே பக்கத்துப் போட்டிலிருந்து வயர்லெஸ்ஸில் சொல்லித்தான் தெரியும், அதுவும் மறுநாள்.

சரி, கண் விழித்தே ஆகவேண்டும் என்றால் என் அனுபவத்தில் நேரத்தைப் பொறுத்துதான் எல்லாம். 12.30 ஆட்டம் என்றால் தூங்காமல் நேராகப் பார்த்துவிட்டுப் படுக்கலாம். 3.30 என்றால் ஒன்பது மணிக்கே படுத்து அலாரம் வைத்து எழுந்துவிடுங்கள், பார்த்து முடித்தால் விடிந்திருக்கும், பகலை எப்படியோ ஓட்டிவிடலாம். மாட்டிக்கொள்வது 1.30தான். முன்னாடியும் தூங்க முடியாது, பின்னாடியும் தூங்க முடியாது. அக்டோபர் கடைசியில் ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் அங்கத்திய கிளப் அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் பலவும் 12.30இலிருந்து 1.30க்குப் போய்விடும், மார்ச் கடைசி வரை அப்படித்தான். நடுவில் காபி குடித்துச் சமாளிப்பதெல்லாம் எனக்கு ஒத்துவரவில்லை, ஆட்டம் முடிந்த பிறகுதான் அது வேலை செய்கிறது.

இப்போது சென்னையில் வேலை. வாரநாள் சாம்பியன்ஸ் லீக்கை விட்டுவிட்டேன், காலையில் பஸ்ஸில் கோல்களை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். உலகக் கோப்பை வந்தால் நாக் அவுட் சுற்றுக்கு முன்கூட்டியே லீவு சொல்லிவிட்டு ஊருக்கு ரயில் ஏறுவேன். ஆபீஸில் காரணம் கேட்டால் குடும்ப விசேஷம் என்பேன், பெரிய பொய் ஒன்றும் இல்லை.