விடியற்காலைத் தும்மலும் தலையணையும்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. காலையில் கண் விழித்தவுடன் அடுக்கடுக்காகத் தும்முகிறாள்; மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டுகிறது. பள்ளிக்குப் போனதும் அடங்கிவிடுகிறது. காய்ச்சல் இல்லை. தயிர், வாழைப்பழம், ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் நிறுத்தியும் பலனில்லை. வீட்டில் என்ன செய்யலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் தயிரையும் வாழைப்பழத்தையும் குழந்தைக்குத் திரும்பக் கொடுங்கள். காய்ச்சல் இல்லாமல், எழுந்தவுடன் தொடங்கி, வீட்டைவிட்டு வெளியேறியதும் குறைகிற தும்மலுக்கு உணவு காரணமாக இருப்பது மிக அரிது. இரவு முழுவதும் அவள் முகம் பதிந்திருந்த தலையணையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

மெத்தையிலும் தலையணையிலும் நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று வாழும் தூசிப்பூச்சிகள் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் அவற்றின் எச்சத்தில் உள்ள புரதம். காற்றின் ஈரப்பதத்தைக் கொண்டே அவை உயிர் வாழ்வதால், காவிரிக் கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிறகு தொல்லை கூடுவதில் வியப்பில்லை.

பழைய இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றிவிட்டு, புதியதற்கும் மெத்தைக்கும் ஜிப் வைத்த, நெருக்கமாக நெய்த உறையைப் போடுங்கள். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். குளிர்ந்த நீரில் துவைத்தால் அழுக்குப் போகும், பூச்சி சாகாது. மெத்தையைச் சுள்ளென்ற வெயிலில் சில மணி நேரம் போட்டு, வெளியிலேயே தட்டி எடுங்கள். வெயிலில் பூச்சி இறந்தாலும் எச்சம் அங்கேயே தங்கும் என்பதால் தட்டுவதை விட்டுவிடக் கூடாது. அவள் கட்டிக்கொண்டு தூங்கும் துணிப் பொம்மை இருந்தால் அதைப் பிடுங்கி எறிய வேண்டாம். பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு முழு நாள் ஃப்ரீசரில் வைத்து, பிறகு துவைத்துக் காயவைத்துக் கொடுத்துவிடலாம். தரையைப் பெருக்குவதைவிட ஈரத் துணியால் துடைப்பது நல்லது. ஒட்டடை அடிக்கும்போது குழந்தை அந்த அறையில் இருக்கக் கூடாது. கொசுவர்த்திச் சுருள், ஊதுவத்தி, சாம்பிராணிப் புகை ஆகியவை ஒவ்வாமைப் பொருள்கள் அல்ல என்றாலும், ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூக்கை மேலும் எரிச்சலூட்டும். படுக்கையறையில் அவை வேண்டாம், கொசுவலை போதும். கொதிக்கும் பாத்திரத்தின் முன் குழந்தையை உட்காரவைத்து ஆவி பிடிக்க வைக்காதீர்கள். அதனால் ஒவ்வாமை குறையாது. பாத்திரம் சரிந்து தொடை வெந்துபோகும் ஆபத்து மட்டும் நிச்சயமாக உண்டு.

இரவில் இருமலோ இழுப்போ இருந்தால் ஆஸ்துமா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் நாற்றத்துடன் சளி வந்தால், உள்ளே மணியோ விதையோ சிக்கியிருக்கலாம் என்பதால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் வாங்கிய சொட்டு மருந்தைச் சில மாதங்களாக விடுகிறேன். விடாவிட்டால் தூக்கமே வருவதில்லை. தொடரலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தொடரக் கூடாது. சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் போன்ற சொட்டு மருந்துகள் மூக்கின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி உடனே அடைப்பை நீக்குகின்றன. ஆனால் ஐந்து நாள்களுக்கு மேல் நீடித்தால், மருந்தின் வேகம் தணிந்ததும் குழாய்கள் முன்னைவிட அதிகமாக வீங்கி, அடைப்புக்கு அந்த மருந்தே காரணமாகிவிடுகிறது. இதிலிருந்து மீள உங்களுக்கு வேண்டியது, மருத்துவர் அளவு சொல்லித் தரும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே. ஸ்டீராய்டு என்றதும் பலர் அஞ்சுகிறார்கள். புளூடிகசோன், மொமெட்டாசோன் ஸ்பிரேக்களிலிருந்து ரத்தத்தில் கலக்கும் அளவு மிக மிகக் குறைவு. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம் என்பதால், இரண்டு நாள் அடித்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடாதீர்கள். தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், முனை காதுப் பக்கம் நோக்கியிருக்குமாறு அடியுங்கள். நடுத்தண்டில் படும்படி அடிப்பதால்தான் பலருக்கு மூக்கில் ரத்தம் கசிகிறது.

கேள்வி: உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது நல்லதா? குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: நல்லது. தூசியையும் மகரந்தத்தையும் அது அலசி வெளியேற்றுகிறது. ஆனால் தண்ணீரை ஒரு நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறவைத்தே பயன்படுத்த வேண்டும். கேரளத்தில் 2024-இல் சிறுவர்களின் உயிரைப் பறித்த மூளையைத் தாக்கும் அமீபா, குடித்தால் தீங்கு செய்வதில்லை. மூக்கின் வழியாகவே மூளையை அடைகிறது. 240 மில்லி நீருக்குக் கால் முதல் அரைத் தேக்கரண்டி வரை அயோடின் சேர்க்காத உப்பும், ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போதும். கழுவும் குப்பியை ஒவ்வொரு முறையும் கொதித்து ஆறிய நீரில் அலசி, கவிழ்த்து உலர வையுங்கள். மீந்த கரைசலை மறுநாளுக்கு வைக்காமல் கொட்டிவிடுங்கள்.